ஏணிப் பாட்டின் வேகம்

இப்போது நாம் பாடிக்கொண்டு திரிகிற பாட்டுகளில் எது இன்னும் ஐம்பது வருஷம் கழித்தும் ஜனங்கள் வாயில் இருக்கும்?

பள்ளியின் கடைசி வருஷத்தில், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த ஓர் அம்மா எங்கள் வகுப்பில் இப்படிக் கேட்டார். மேஜை மேல் ஒரு ரப்பர் பொம்மை மல்லாந்து கிடந்தது. வகுப்பு ஆளுக்கொரு பாட்டைச் சொல்லிக் கூச்சல் போட்டது. நான் என் போனில் இருந்த நானூறு பாட்டைத் தேடத் தொடங்கினேன். ஆம்புலன்ஸ்காரருக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று விளங்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகு அவரே காரணத்தைச் சொன்னார். அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். இது அவருடைய கதை.

அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பாட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல குரல் என்பதால் வந்த பெயர் அல்ல. அவர் பாடினால் அது காதில் விழாமலிருக்க வீட்டில் விசிறியைக் கூட்டி வைப்பார்கள். பெயர் வந்த வழி வேறு.

கட்டுப்பாட்டு அறையில் ஆறு மேஜைகள். மூன்றாவது அவருடையது. பதினோரு வருஷமாக அதே மேஜை, அதே நாற்காலி. காதில் ஹெட்செட், எதிரில் இரண்டு திரை, இடது பக்கம் அட்டைகள். யாராவது மூச்சுப் பேச்சில்லாமல் விழுந்துவிட்டார் என்று அழைப்பு வந்தால், வண்டியை அனுப்பிவிட்டு வண்டி போய்ச் சேரும்வரை அழைத்தவரைக் கொண்டே நெஞ்சை அமுக்க வைக்க வேண்டும். நிமிஷத்துக்கு நூறுக்குக் குறையாமல், நூற்றிருபதுக்கு மேல் போகாமல். குறைந்தால் மூளைக்கு ரத்தம் போகாது. கூடினால், அமுக்கின நெஞ்சு மேலே எழும்பி ரத்தத்தை நிரப்பிக்கொள்ள நேரம் கிடைக்காது.

எண்ணிக்கொண்டே அமுக்கச் சொல்லலாம். ஆனால் பயந்து போனவருக்கு எண் முப்பதைத் தாண்டியதும் குழறும். அதனால் அட்டையில் ஒரு பாட்டையும் போட்டிருந்தார்கள். "இந்தப் பாட்டு தெரியுமா? மனசுக்குள்ளே பாடிக்கிட்டே அமுக்குங்க." அது அப்பாக்கள் காலத்துப் பாட்டு. ஒருநாள் ஓர் இளைஞன், "அப்படி ஒரு பாட்டா? யார் பாடினது?" என்று திரும்பக் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லி மறுபடி எண்ணத் தொடங்க ஒன்பது விநாடி போயிற்று. பாட்டக்கா அந்த ஒன்பது விநாடியை மறக்கவில்லை. அட்டைக்குப் புதுப் பாட்டு வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார். அவர், "நீயே கண்டுபிடிச்சுக் குடும்மா" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

அன்று தொடங்கியது பைத்தியம். சமீபத்தில் வந்த பாட்டு வேண்டும். ஆனால் அடுத்த வருஷம் காணாமல் போகிற பாட்டாக இருக்கக்கூடாது. எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், கை நடுங்கும்போதும் தானாக நாவில் வர வேண்டும். வேகமும் சரியாக இருக்க வேண்டும். பாட்டக்கா ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில், கல்யாண வீட்டில், பல் டாக்டர் வாசலில் என்று கண்ட இடத்தில் கண்டவரைப் பாடச் சொன்னார்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "பாட்டைக் கேட்டு ஆடுறவங்களப் பார்த்திருக்கேன், அழுறவங்களப் பார்த்திருக்கேன். வாட்ச்சப் பார்க்குற ஆள இப்பதான் பார்க்குறேன்" என்றார் ஒருநாள்.

"நீங்க சொல்லுங்க. இப்ப வந்ததுல எது நிக்கும்?"

"இப்ப வர்றதெல்லாம் நம்ம லிஃப்ட் மாதிரிதான். ஏறுன வேகத்துல இறங்கிடும். அந்த ஏணிப் பாட்டு ஒண்ணு வேணா நிக்கும்."

ஏணிப் பாட்டு ஆறு வருஷத்துக்கு முன் வந்த ஒரு படத்தில் வருவது. கதாநாயகன் ஏணியில் நின்று சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டே பாடுவான், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவள் பதில் பாடுவாள். பாட்டின் முதல் வரி என்னவென்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஏணிப் பாட்டு என்றால் தெரியாதவர் இல்லை. பாட்டக்கா நாற்பது பேரைப் பாடச் சொல்லி அளந்தார். நாற்பது பேரும் நிமிஷத்துக்கு நூற்றுப் பத்திலிருந்து நூற்றுப் பதினாறுக்குள் பாடினார்கள். தாளம் கல்லில் வெட்டியது போல நின்றது.

பதினைந்து வயது மகளிடமும் கேட்டார். "ஏணிப் பாட்டு தெரியுமாடி?"

"தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும். இதையெல்லாம் ஒரு கேள்வின்னு கேக்குற." மகள் காதில் மாட்டியதைக் கழற்றாமலே பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மகளின் தோழிகளும் அப்படியே தலையாட்டினார்கள். பாடச் சொன்னால் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். சரி, தெரிகிறது அல்லவா, போதும் என்று பாட்டக்கா குறித்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட, புது அட்டை வந்தது. வேறு இரண்டு ஊர்க் கட்டுப்பாட்டு அறைகளும் கேட்டு வாங்கிக்கொண்டன. அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் பாட்டக்காவின் பெயர்கூட இருந்தது. நாலாம் மேஜைக்காரர், முன்பு பள்ளியில் வேலை பார்த்தவர், எல்லோரும் டீச்சர் என்று அழைப்பவர், "இனிமே உன்னைக் கையில பிடிக்க முடியாது, பாட்டக்கா" என்று கிண்டலடித்தார். பெயர் அன்றுதான் ஒட்டிக்கொண்டது.

பதினாறு மாதம் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அழைப்பு வந்தது. ஒரு பெண். இருபது வயது இருக்கலாம். அப்பா சமையலறையில் விழுந்துவிட்டார், கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டால் பேசவில்லை. பாட்டக்கா முகவரியை வாங்கினார். திரையில் வண்டி கிளம்பியது, எட்டு நிமிஷம் என்று காட்டியது.

"போனை ஸ்பீக்கர்ல போட்டு பக்கத்துல தரையில வைம்மா. அப்பாவை மல்லாக்கப் படுக்க வை. மூச்சு விடுறாரா பாரு."

"எப்பவாவது ஒரு தடவை... கொறட்டை மாதிரி வருது."

"அது மூச்சு இல்லைம்மா. நெஞ்சு நடுவுல ஒரு உள்ளங்கை, அதுக்கு மேல இன்னொரு கை. முழங்கையை மடக்காதே. நல்லா அழுத்தி அமுக்கு, விடு. அமுக்கு, விடு. ஏணிப் பாட்டு தெரியுமா?"

"தெரியும்."

"அதைச் சத்தமாவே பாடு. பாட்டோட தாளத்துக்கு அமுக்கு."

அந்தப் பெண் பாடினாள். மூச்சிரைக்க, சுருதி இல்லாமல், சொற்களை விழுங்கிக்கொண்டு பாடினாள். ஒவ்வொரு அமுக்குக்கும் தரையில் எதுவோ தட்டுகிற சத்தம் கேட்டது. பாட்டக்கா வண்டிக்காரருக்கு வீட்டு அடையாளத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். விரல் நின்றது. காதில் ஏதோ சரியில்லை.

ஸ்டாப்வாட்சை அழுத்தினார். பத்து விநாடிக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ வர வேண்டும். இருபத்து நாலு வந்தது.

பயத்தில் ஓடுகிறாள் என்று நினைத்தார். "கொஞ்சம் மெதுவாம்மா. நல்லா ஆழமா அமுக்கி விடு." இரண்டு விநாடி மெதுவானது. அடுத்த வரியைப் பாட்டு இழுத்துக்கொண்டு போயிற்று. மறுபடி இருபத்து நாலு.

"பாட்டை மெதுவாப் பாடும்மா."

"இது... இதுதான் பாட்டு. இப்படித்தான் வரும்."

அந்தக் கணத்தில் பாட்டக்காவுக்கு விளங்கிவிட்டது. போன் வீடியோக்களில் பழைய பாட்டைச் சக்கரத்தைச் சுற்றி விட்டது போல வேகமாக்கி, குரலைக் கீச்சென்று ஆக்கி ஓட விடுகிறார்களே, அந்தப் பாட்டு அது. இவள் ஏணிப் பாட்டைப் படத்தில் கேட்டவள் இல்லை. போனில் கேட்டவள். அவளுக்குத் தெரிந்தது வேறொரு பாட்டு, பெயர் மட்டும்தான் ஒன்று.

திரையில் ஆறு நிமிஷம் இருந்தது.

எண்ணச் சொல்லலாம் என்று, "பாட்டை விடு, என்னோட சேர்ந்து எண்ணு, ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்கினார். அவள் எண்ணினாள். எண்ணும் அதே வேகத்தில் ஓடியது. மண்டைக்குள் ஓடத் தொடங்கிய தாளத்தை நிறுத்தப் பொத்தான் இல்லை. பாட்டக்கா தானே பாடலாமா என்று வாயைத் திறந்தார். இணைப்பில் ஒரு விநாடி தாமதம் இருந்தது, தாளம் அங்கே போய்ச் சேரும்போது பிந்திவிடும். டீச்சர் தன் அழைப்பை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பாட்டக்காவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து பின்னால் வந்து நின்றார்.

அப்போது அந்தப் பக்கம் இன்னொரு குரல் கேட்டது. அழுகை. கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக இருப்பது போல.

"அங்கே யாரும்மா அழுறது?"

"அம்மா."

"அம்மாவைப் போன்கிட்ட வரச் சொல்லு. நீ நிறுத்தாதே."

பெண் கத்தினாள். கால் இழுபடுகிற சத்தம். பாட்டக்கா குரலை ஒரு படி தாழ்த்திக்கொண்டார். "அக்கா, கேக்குதா? ஏணிப் பாட்டு படத்தைத் தியேட்டர்ல பார்த்தீங்களா?"

அழுகை நின்றது. பின் காதை நம்பாதவர் குரலில், "என்னம்மா கேக்குற நீ இப்ப?" என்று வந்தது.

"பார்த்தீங்களா இல்லையா, சொல்லுங்க."

"பார்த்தோம். நானும் அவரும்தான் போனோம்."

"அந்தப் பாட்டைப் பாடுங்க. படத்துல வர்ற மாதிரியே. உங்க பொண்ணு தாளத்தைத் தப்பாப் பிடிச்சிருக்கா. நீங்க பாடுங்க, அவ உங்க பாட்டுக்கு அமுக்கட்டும்."

"என்னால முடியாது. அவர் இப்படிக் கிடக்கும்போது நான் எப்படிப் பாடுவேன்?"

"அழுதுகிட்டே பாடுங்க, பரவாயில்ல. ஆனா பாடுங்க. அவருக்கு இப்ப வேணுங்கிறது அதுதான், அக்கா."

மகளின் கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்த அம்மா பாடினார். முதல் வரி அழுகையில் உடைந்தது. இரண்டாவது வரி நின்றது. கணவர் தரையில் கிடக்க, மகள் அவர் மேல் குனிந்திருக்க, ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவள் பாடுகிற பகுதியை அவர் பாடினார். "கையை அம்மா பாட்டுக்குக் கொண்டு வா" என்று பாட்டக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். தரையில் தட்டுகிற சத்தம் தடுமாறியது, இரண்டு இடறியது, பிறகு பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

பத்தொன்பது. பதினெட்டு. பத்தொன்பது.

டீச்சர் பாட்டக்காவின் தோளைப் பிடித்திருந்தார். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார் என்பது மறுநாள் சிவந்த இடத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த அம்மா அந்தப் பகுதியை நான்கு தடவை பாடினார். ஐந்தாவது தடவை நடுவில் கதவு திறக்கிற சத்தம், ஆண்களின் குரல், இணைப்பு துண்டிப்பு. கொஞ்ச நேரத்தில் வண்டியிலிருந்து தகவல் வந்தது: நாடித்துடிப்பு இருக்கிறது, ஏற்றிக்கொண்டு போகிறோம். அதற்கு மேல் என்ன ஆயிற்று என்பது அந்த அறைக்கு வராது. அந்த வேலையின் வழக்கம் அது. அடுத்த அழைப்பை எடுக்க வேண்டும்.

பாட்டக்கா அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பதினாறு மாதம். ஆறு மேஜை. இன்னும் இரண்டு ஊர்.

மாலை வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கூடக் கழற்றாமல் மகளின் அறை வாசலில் நின்றார். "ஏணிப் பாட்டைப் பாடு."

"என்னம்மா, வந்ததும் வராததுமா?"

"பாடுடி."

அம்மாவின் குரல் மகளைப் பயமுறுத்தியது. பாடினாள். பாட்டக்கா வாட்சைப் பார்த்தார். இருபத்து நாலு.

"இது வேகமாக்கினதுதானே?"

"இதுதாம்மா பாட்டு. நீ சொல்றது ஸ்லோ வெர்ஷன்."

கணவர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். கேலி பேச வாயெடுத்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார்.

தெரியுமா என்று கேட்டேன், பாட வைத்துக் கேட்கவில்லை. இதைத்தான் பாட்டக்கா அன்று முழுக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர்களைப் பாட வைத்து அளந்தார். சின்னவர்கள் வெட்கப்பட்டபோது தலையாட்டலை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மேற்பார்வையாளரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. வேலையில் சேர்ந்த புதிதில் பாட்டக்காவுக்காகப் பலமுறை பரிந்து பேசியவர்.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒருத்தரும் புகார் சொல்லலையே" என்றார்.

"புகார் சொல்ல ஆள் இருக்கணுமே, சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "சரி. என்ன பண்ணலாம்னு சொல்ற?"

"பழைய அழைப்பெல்லாம் பதிவுல இருக்கு. இந்தப் பாட்டைச் சொன்னது அத்தனையையும் கேக்கணும்."

"கேட்டு?"

"எத்தனைன்னு தெரியணும்."

ஐம்பத்தெட்டு அழைப்புகள். தன் இடைவேளைகளிலும் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து நான்கு நாளில் கேட்டு முடித்தார். டீச்சர் கூட இருந்தார். யாரோ ஒருவர் வீட்டின் மிக மோசமான ஐந்து நிமிஷத்தைக் காதில் மாட்டிக்கொண்டு, அழுகையையும் கூச்சலையும் ஒதுக்கிவிட்டு, தாளத்தை மட்டும் எண்ண வேண்டும். சிலவற்றில் கை ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. கேட்டவற்றில் ஒன்பது அழைப்பில் பத்து விநாடிக்கு இருபத்து மூன்றுக்கு மேல். ஒன்பதிலும் அழைத்தவர் குரல் இளசு. அந்த ஒன்பதில் நான்கை எடுத்தது மூன்றாம் மேஜை. அந்த நான்கிலும் "சரியாப் பண்றீங்க, அப்படியே பண்ணுங்க" என்று பாட்டக்காவின் குரலே சொல்லிக்கொண்டிருந்தது.

நான்காவதைக் கேட்டு முடித்ததும் ஹெட்செட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். டீச்சர் பின்னால் போகவில்லை. போகக்கூடாது என்று தோன்றியது என்றார் பிறகு.

ஒன்பது பேரில் மூன்று பேருக்கு வண்டி போனபோது துடிப்பு இருந்தது. ஆறு பேருக்கு இல்லை. கட்டுப்பாட்டு அறைக்கு ஆலோசனை சொல்லும் டாக்டரம்மாவிடம் தாளைக் காட்டினார்.

"இதனாலதான் போனாங்கன்னு நான் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "விழுந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல எப்படிப் பண்ணினாலும் திரும்ப மாட்டாங்க. அமுக்காம நின்னதுக்கு, வேகமா அமுக்கினது எவ்வளவோ மேல். இதை மனசுல வெச்சுக்கோ."

பாட்டக்கா வைத்துக்கொண்டார். 'இல்லைன்னும் சொல்ல முடியாது' என்றதையும் வைத்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் ஒரு வழி சொன்னார். அட்டையை மாற்றிவிடலாம். 'புதுப்பிக்கப்பட்டது' என்று போட்டு அனுப்பிவிடலாம். காரணம் எழுத வேண்டாம்.

"காரணம் எழுதலைன்னா அந்த ரெண்டு ஊர்லயும் நாளைக்கு இன்னொருத்தர் என்னை மாதிரியே இன்னொரு பாட்டைத் தேடிப் போடுவாங்க, சார். தெரியுமான்னு கேட்டுட்டுப் போடுவாங்க."

"அட்டையில உன் பேரு இருக்கும்மா. விசாரணைன்னு வந்தா முதல்ல உன்னைத்தான் மேஜையை விட்டு எழுப்புவாங்க. பதினோரு வருஷம். யோசிச்சுக்கோ. அந்த ஒன்பது வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க, அதையும் யோசி."

"யோசிச்சேன். அவங்ககிட்ட சொல்றதா வேண்டாமான்னு டாக்டரும் நீங்களும் முடிவு பண்ணுங்க, எனக்கு அது தெரியல. ஆனா இன்னைக்குக் காலைல அந்த ரெண்டு ஊர்ல எங்கயாவது யாராவது விழுந்திருப்பாங்க. அது எனக்குத் தெரியும்."

மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு மேஜை மேல் இருந்த தொலைபேசியைப் பாட்டக்கா பக்கம் நகர்த்தினார். "எழுதி அனுப்பினா ரெண்டு நாள் ஆகும். நீயே பேசிடு. கடிதம் பின்னால போகட்டும். என் கையெழுத்தும் போடுறேன்."

இரண்டு ஊருக்கும் பாட்டக்கா பேசினார். தான் யார், எப்படித் தேர்ந்தெடுத்தார், எங்கே தவறினார், எத்தனை அழைப்பு என்று எதையும் குறைக்காமல் சொன்னார். முதல் ஊர்க்காரர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். இரண்டாம் ஊர்க்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, "போன மாசம் எங்க பையன் ஒருத்தன் எடுத்த அழைப்புல இதே மாதிரி ஒண்ணு உறுத்துச்சுன்னு சொன்னான். நாங்கதான் அவனை அடக்கிட்டோம்" என்றார்.

விசாரணை வந்தது. பாட்டக்காவை ஐந்து வாரம் தொலைபேசியிலிருந்து எடுத்துக் கோப்பு அறையில் உட்கார வைத்தார்கள். முடிவில் மேஜை திரும்பக் கிடைத்தது. அட்டையில் இப்போது பாட்டின் பெயர் இல்லை. அழைத்தவர் எதைப் பாடினாலும் முதல் பத்து விநாடி வாட்சைப் பார்த்து எண்ணு, மீறினால் பாட்டை விடு, வீட்டில் வேறு ஆள் இருந்தால் அவரை எண்ணச் சொல் என்று மூன்று வரி இருக்கிறது. சின்ன எழுத்தில் இருந்த பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றாராம். மாதம் ஒருமுறை பொம்மையைத் தூக்கிக்கொண்டு பள்ளிகளுக்குப் போகிறார்.

இதைப் படித்தவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரை இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். நெஞ்சு நடுவில், கை மடங்காமல், பத்து விநாடிக்குப் பதினெட்டு. சொல்லி முடித்ததும் "தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். ஒரு தலையணையைக் கொடுத்து அமுக்கிக் காட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்.